சுவிட்சின் மேல் ஒரு கை

கிரேட்டே ஸ்டெர்னை ‘சர்ரியலிஸ்ட்’ என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடும் கலை விமர்சகர்களோடு எனக்குச் சண்டை இருக்கிறது.

1948இல் புவனஸ் அயர்ஸில் ‘இடிலியோ’ என்ற பெண்கள் இதழ், கனவுகளை எழுதி அனுப்பும்படி வாசகிகளிடம் கேட்டது. பலன் சொன்னவர் ‘ரிச்சர்ட் ரெஸ்ட்’. அப்படி ஒருவர் கிடையாது. இரண்டு ஆண்கள் சேர்ந்து போட்டுக்கொண்ட பெயர் அது. அந்தக் கனவுகளுக்கு, ஒளிப்படங்களை வெட்டி ஒட்டிப் படம் செய்தவர் ஸ்டெர்ன்.

ஜெர்மனியில் வரைகலையும் ஒளிப்படமும் பயின்றவர். பெர்லினில் தோழி எலன் அவுர்பாகுடன் ‘ரிங்கல் + பிட்’ என்ற விளம்பர ஸ்டுடியோ நடத்தியவர். நாஜிகள் ஆட்சிக்கு வந்ததும் லண்டன் வழியாக அர்ஜென்டினா போய்ச் சேர்ந்த யூதப் பெண். பெண்ணைக் காட்டிப் பொருள் விற்கும் வித்தை அவருக்கு அத்துபடி.

ஒரு படத்தில் மேசைவிளக்கின் தண்டே ஒரு பெண். சுவிட்சை அழுத்த ஓர் ஆணின் பெரிய கை வருகிறது. தலைப்பு: ‘வீட்டு மின்சாதனங்கள்’. இதில் கனவு எங்கே இருக்கிறது? பகலில் பட்டதைத்தானே அவள் இரவில் கண்டிருக்கிறாள்! ஆழ்மனம், குறியீடு என்று பக்கம் பக்கமாக எழுதுகிறவர்கள் அந்தக் கைக்குச் சொந்தக்காரனை மட்டும் விசாரிப்பதே இல்லை.

படங்களுக்கு நின்றவர்கள்கூடத் தோழிகள், மகள் சில்வியா, வீட்டுவேலை செய்த பெண். அந்தப் பெண்ணின் கனவை யாராவது கேட்டார்களா என்பது தனிச்சண்டை.