பழுதுக்கு ஒரு பூஜை

மலிவான பிளாஸ்டிக் காமிராவில் 120 பிலிமைப் போட்டு எடுத்த படத்தில் ஓரங்கள் இருண்டு, நடு மட்டும் சற்றே தெளிந்து, ஏதோ ஒரு மூலையில் வெளிச்சம் கசிந்து வெள்ளைத் தீற்றலாகப் படிந்திருந்தால், அதையே கலையின் லக்ஷணமென்று கொண்டாடும் நம்பிக்கை ஒன்று நம் நகரத்து இளைஞரிடையே வேரூன்றியிருக்கிறது. யந்திரம் எவ்வளவுக்கு அபூர்ணமோ அவ்வளவுக்குப் படத்தில் ஆத்மா குடியேறும் என்பது இந்த மதத்தின் மூலமந்திரம். யோசிக்காமல் எடு என்பது, 1992-ல் வியன்னாவில் தோன்றிய லோமோகிராஃபி இயக்கத்தார் அதற்கு வகுத்துக்கொடுத்த ஆசாரம்.

ஜீவனஹள்ளியில் வசிக்கும் நண்பர் ஒருவர், தம் தெருவிலேயே ஹோல்கா என்னும் அத்தகைய பிளாஸ்டிக் காமிராவால் எடுத்த ரோலைக் கழுவி வாங்கிவந்து என்னிடம் காட்டினார். ஜன்னலோரம் பிடித்துப் பார்த்தபோது, உச்சிவெயிலில் நின்ற பூக்காரியின் நெகட்டிவ் நல்ல அடர்த்தியோடும், மாலையில் சந்துக்குள் எடுத்தவை வெறுங்கண்ணாடிபோல வெளிறியும் இருந்தன. அது அந்தியின் மர்மம் என்றார் நண்பர். மர்மம் ஏதுமில்லை. அந்தக் காமிராவைக் கையில் பிடித்து எடுக்கையில் ஷட்டரின் வேகம் ஏறக்குறைய விநாடியில் நூறில் ஒரு பங்கு. லென்ஸின் துவாரமோ எஃப் 13-ஐ ஒட்டியது. பழைய ஹோல்காக்களில் வெயில், மேகம் என்று குறியிட்ட விசையை எப்புறம் தள்ளினாலும் அந்தத் துவாரம் மாறுவதில்லை. 100 வேகமுள்ள பிலிமுக்கு நடுப்பகலில் இது போதுமானது; நிழலிலோ வெளிச்சம் சுமார் எட்டில் ஒரு பங்காகிவிடுகிறது. ஓரம் இருள்வது எளிய பிளாஸ்டிக் லென்ஸின் இயல்பு. வெளிச்சம் கசிவது பின்மூடி நன்றாகப் பொருந்தாமையின் விளைவு. கறுப்பு டேப் ஒட்டினால் அடங்கிவிடுகிற ஒன்றைத் தெய்வீகம் என்பது எவ்வாறு பொருந்தும்?

இக்கருவிகளின் பூர்வோத்தரத்தை அறிந்தால் இந்த மயக்கம் இன்னும் தெளியும். 1982-ல் ஹாங்காங்கில் டி. எம். லீ என்பவர் ஹோல்காவை உருவாக்கியது, சீனத்துச் சாமானியக் குடும்பங்கள் குறைந்த செலவில் படமெடுக்கவே. நம் நாட்டில் பரோடாவில் தயாரான ஆக்ஃபா கிளிக் III காமிரா செய்ததும் அதே சேவைதான்; 1960-ல் நிறுவப்பெற்று 1967 முதல் உற்பத்தியில் இறங்கிய உதகமண்டலத்து ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், இந்து என்ற பெயரில் பிலிமும் தந்தது. ரோலுக்குப் பன்னிரண்டே படங்கள் ஆகையால், குடும்பத் தலைவர் வெயில் தம் முதுகுப்புறம் விழ நின்று, தூரத்தை அடியால் அளந்து, குழந்தைகளை அசையாதிருக்கச் சொல்லி, மூச்சை அடக்கிக்கொண்டு விசையை அழுத்தினார். அவர் வேண்டியது முகங்கள் தெளிவாக விழவேண்டும் என்பது ஒன்றே. கருவியின் வறுமையை அவர் தம் விவேகத்தால் வென்றார். அந்த வறுமையையே இன்று அலங்காரமாக அணிந்துகொள்வது அவர் பட்ட பிரயாசையைப் பரிகசிப்பதாகும்.

2000-ஆம் ஆண்டின் அமெரிக்கத் தேர்தலில் அல் கோரை ஹோல்காவால் படமெடுத்துப் பரிசு பெற்ற டேவிட் பர்னெட்டை இம்மதத்தார் சாட்சிக்கு அழைப்பார்கள். வியட்நாம் யுத்தகளத்திலிருந்தே செய்திப்படம் எடுத்துவந்த அம்மனிதர், எங்கே நிற்பது, எந்தக் கணத்தில் அழுத்துவது என்பதைப் பல்லாண்டு அப்பியாசத்தால் கைவரப்பெற்றவர். அவர் கையில் ஹோல்கா பேசிற்று என்றால் பேசியது அந்த அப்பியாசமே. சுருதி விலகிய தம்பூராவோடும் ஒரு மகாவித்வான் பாடிவிடக்கூடும் என்பதால், சுருதி விலகலே சங்கீதமென்று யாரும் சாதிப்பதில்லை.

பிளாஸ்டிக் காமிராவை நான் வெறுக்கவில்லை; ஆரம்ப மாணவனுக்கு அதைவிடக் கண்டிப்பான ஆசான் அரிது. வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் அதில் இல்லை. தூரத்தைக் குறிக்க ஒரு மனிதர், சிறு குழு, பெருங்கூட்டம், மலை என்ற நான்கு சித்திரங்களே லென்ஸைச் சுற்றி உள்ளன. பிலிமைச் சுற்ற மறந்தால் ஒரு படத்தின்மேல் இன்னொரு படம் விழுவதை அது தடுப்பதுமில்லை. தானாக எதையும் யோசிக்காத கருவி ஆகையால், யோசிக்கும் பாரம் முழுவதும் அதைப் பிடித்தவன்மேல் விழுகிறது. அந்தப் பாரத்தைச் சுமக்க மறுத்துவிட்டு, கிடைத்ததையெல்லாம் அருளென்று ஏற்பது சோம்பலுக்கு வேதாந்தம் கற்பிப்பதன்றி வேறல்ல.