தேனுக்குக் கணக்கில்லையா?

சீனிதான் எதிரி, தேன் இயற்கையானது, ஆகவே இனிப்புநீர் உள்ளவர்களுக்குத் தீங்கில்லை என்னும் எண்ணம் நம்மவர்களிடையே வேரூன்றியிருக்கிறது. அண்மையில் பள்ளிக்கு வந்த பெற்றோர் ஒருவர், சீனியை அறவே விட்டுவிட்டதாகப் பெருமையுடன் கூறினார். மாற்றாக, தே ஓவில் நாளொன்றுக்கு மூன்று மேசைக்கரண்டி தேன் கலந்து பருகுகிறாராம். இரத்தச் சோதனையில் அளவு ஏன் இறங்கவில்லை என்பதுதான் அவருக்கு விளங்கவில்லை.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். தேனில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு சர்க்கரையே. எஞ்சியது பெரும்பாலும் நீர். ஒரு மேசைக்கரண்டி தேனில் சுமார் 17 கிராம் சர்க்கரை உண்டு. அதே கரண்டியில் சீனியை அள்ளினால் 12 அல்லது 13 கிராம்தான். தேன் கனமானது என்பதால் வந்த வேறுபாடு இது. ஆக, அவர் பருகியது நாளுக்கு ஏறக்குறைய 50 கிராம். நலமாய் இருப்பவர்களுக்கே உலகச் சுகாதார நிறுவனம் 2015-இல் வகுத்த உச்ச வரம்பு கிட்டத்தட்ட அவ்வளவுதான். அந்த வரம்பில் தேனும் அடக்கம்.

தேன், சீனியைவிடச் சற்றே மெதுவாக இரத்தச் சர்க்கரையை உயர்த்தும் என்பது உண்மை. 'சற்றே' என்பதை அழுத்திப் படியுங்கள். கெலுலுட் தேனில் மெதுவாகச் செரிக்கும் ஒருவகைச் சர்க்கரை இருப்பதாக 2020-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. அதிலும் குளுக்கோஸ் உண்டு. மாத்திரைக்கு அது மாற்றன்று.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். சர்க்கரை திடீரென இறங்கிக் கை நடுங்கும்போது உடனே உண்ணச் சொல்லும் பொருள்களுள் தேனும் ஒன்று. விரைந்து உயர்த்துவதால்தானே அதைக் கொடுக்கிறார்கள்?

சித்த மருத்துவத்தைக் காட்டி வாதிடுவோர் உண்டு. அங்கே தேன் அனுபானம். சூரணத்தைக் குழைக்கும் துணைப்பொருள். குவளையில் ஊற்றிக் குடிக்கச் சொன்னவர் எவருமிலர்.

2019-ஆம் ஆண்டுத் தேசியச் சுகாதார ஆய்வின்படி மலேசிய இந்தியப் பெரியவர்களில் ஏறக்குறைய மூவரில் ஒருவருக்கு இனிப்புநீர். நம் மாணவர்களின் தாத்தா பாட்டியர் மட்டுமல்லர், பெற்றோரும் இதில் அடங்குவர். தேனின் நன்மைகளைக் கட்டுரையாக எழுதச் சொல்லும் ஆசிரியர்களாகிய நாம், இந்த ஒரு வரியையும் சேர்த்துச் சொல்ல வேண்டாமா?

முற்றாக விலக்க வேண்டும் என்பதன்று என் கருத்து. உண்பதானால் ஒரு தேக்கரண்டி. அதையும் சீனியாகவே எண்ணி, அந்த வேளையின் சோற்றில் சிறிது குறையுங்கள். அடுத்த முறை கிளினிக்கில் "சீனி சேர்ப்பீர்களா?" எனக் கேட்டால், தேனையும் மறவாமல் சொல்லுங்கள்.