கோலியின் பேடை யார் தூக்குவது?

2025 ஜூன் 3, நள்ளிரவு நெருங்கும் நேரம். பெங்களூருவில் எங்கள் தெருவில் வெடிச்சத்தம் ஓயவில்லை. அகமதாபாத் இறுதிப்போட்டியில் பஞ்சாபை 6 ரன்னில் வென்று, 18 சீசன் காத்திருப்புக்குப் பிறகு ஆர்சிபி கோப்பையை வாங்கியிருந்தது. என் போன் அதற்கு மேல் அதிர்ந்துகொண்டிருந்தது. கோவில்பட்டியில் ஒன்றாகப் படித்த எட்டுப் பேர் இருக்கும் வாட்ஸ்அப் குழு. ஏழு பேர் சிஎஸ்கே. அந்த வருடம் நாங்கள் புள்ளிப் பட்டியலில் கடைசி இடம், அதனால் எல்லோருக்கும் வயிற்றெரிச்சல். அந்த எரிச்சலைக் கொட்ட எங்களுக்கு ஓர் ஆள் இருந்தான்.

'ஏலே கோலி, ஒருவழியா வாங்கிட்டல்ல, ட்ரீட் எப்ப?' 'கோலி, கப்பை பத்திரமா பீரோவுல வச்சுப் பூட்டு.' 'கோலி அழுதுட்டானாம்ல.' அன்று இரவு நானே ஏழெட்டு மீம் அனுப்பியிருப்பேன். அவன் ஒன்றுக்கும் பதில் போடவில்லை. 'ஓவரா சந்தோஷத்துல இருக்கான் போல' என்று அதற்கும் ஒரு வடிவேலு ஸ்டிக்கர் போட்டோம்.

கோலி அவனுடைய பெயர் இல்லை. 2003-ல் நாங்கள் ஒன்பதாவது படித்தபோது அவன் பள்ளி ஹாக்கி அணியின் கோல்கீப்பர். கோல்கீப்பர் என்றால் கோலி. அவ்வளவுதான் கதை. விராட் கோலி என்று ஒருவர் இருப்பதே எங்களுக்கு அப்போது தெரியாது. எங்கள் வயதுதான் அவருக்கு. டெல்லியில் எங்கோ மட்டையோடு அலைந்துகொண்டிருந்திருப்பார். ஐந்தாறு வருடம் கழித்து அந்தப் பெயர் டிவியில் ஒலிக்க ஆரம்பித்தது. தமிழில் எழுதினால் இரண்டுக்கும் ஒரே எழுத்து. அன்றிலிருந்து எங்கள் கோலி ஆர்சிபி ரசிகன் ஆக்கப்பட்டான். ஆனான் என்று சொல்லவில்லை, ஆக்கப்பட்டான். அவனுக்குக் கிரிக்கெட்டே பிடிக்காது.

இந்தக் கட்டுரை கலாய்ப்பதைப் பற்றியது. குறிப்பாக, நாம் கலாய்ப்பு என்று நினைத்து இப்போது செய்துகொண்டிருக்கும் காரியத்துக்கு எதிரானது. 'சும்மா ஜாலிக்குப் பேசுறதுக்கெல்லாம் ஒரு கட்டுரையா பாஸ்?' என்று கேட்பவர்கள் இருப்பீர்கள். அந்தச் 'சும்மா'தான் என் பிரச்சினையே.

முதலில், இலக்கியவாதிகளின் வழக்கமான புகாரை நான் சொல்லவில்லை. ஊர்க்கதை, சினிமா, கிரிக்கெட் எல்லாம் வெட்டி அரட்டை, புத்தகம் படி என்று புத்தி சொல்லும் ஆள் நான் இல்லை. என் ஊருக்கு அது பொருந்தவும் செய்யாது. கி.ராஜநாராயணனின் இடைசெவல் எங்களுக்குப் பக்கத்துக் கிராமம். பூமணி, சோ.தர்மன், தேவதச்சன் எல்லாம் எங்கள் வட்டாரம். சாயங்காலமானால் காந்தி மைதானத்தில் உட்கார்ந்து மணிக்கணக்கில் பேசிப் பேசியே ஒரு எழுத்தாளர் கூட்டம் உருவான ஊர் அது. கி.ரா.வின் எழுத்தில் பாதி, திண்ணையில் ஒருத்தரை ஒருத்தர் வாரிக்கொள்வதுதான். அந்த வாரலில் ஒரு மனிதனின் நடை, பேச்சு, கஞ்சத்தனம், சாப்பிடும் விதம் எல்லாம் இருக்கும். பக்கத்தில் இருந்து பார்க்காமல் அப்படி வார முடியாது.

கலாய்க்க ஆளைத் தெரிந்திருக்க வேண்டும். இதுதான் என் கட்சி. நீங்கள் ஒருவனைக் கலாய்க்கும்போது, 'உன்னை நான் இவ்வளவு தூரம் கவனித்திருக்கிறேன்' என்று சொல்கிறீர்கள். அதனால்தான் அது வலிக்காமல் இருக்கிறது.

எங்கள் ஹாக்கி அணியில் இதை நான் பார்த்திருக்கிறேன். கோவில்பட்டி ஹாக்கி ஊர். வெளியூர் ஆட்களுக்குக் கோவில்பட்டி என்றால் கடலைமிட்டாய், மிஞ்சிப்போனால் தீப்பெட்டி. எங்களுக்கு லட்சுமி அம்மாள் நினைவு அகில இந்திய ஹாக்கிப் போட்டி திருவிழா மாதிரி. கிருஷ்ணா நகரில் இன்று செயற்கை இழை மைதானம் இருக்கிறது. நாங்கள் பள்ளியில் ஆடியது மண் தரையில். பந்து எங்கே எகிறும் என்று பந்துக்கே தெரியாது. பள்ளியில் கோல்கீப்பர் பேடு ஒரே ஒரு செட்தான். சீனியர் யாரோ விட்டுப்போனது. வியர்வை ஊறி ஊறி அதன் எடை கூடிக்கொண்டே போயிருக்கும் என்று நினைக்கிறேன், அப்படிக் கனக்கும்.

கோலிக்கு ஒரு பழக்கம். பந்து வருவதற்கு ஒரு நொடி முன்னால் கண்ணை மூடிவிடுவான். பாதி கோல் அவன் காலுக்கு இடையில்தான் போகும். ஆட்டம் முடிந்து வீடு திரும்பும் ஒன்றரைக் கிலோமீட்டரும் அவனைப் போட்டு எடுப்போம். 'கண்ண மூடிக்கிட்டு சாமி கும்பிட்டியாலே?' ஆனால் அந்த பேடை யார் சைக்கிள் கேரியரில் வைத்துக் கட்டுவது என்பதற்கு ஓர் எழுதாத சட்டம் இருந்தது. அன்றைக்கு அவனை அதிகமாகக் கலாய்த்தவன் தூக்க வேண்டும். யார் ஆரம்பித்தார்கள் என்று நினைவில்லை. முக்கால்வாசி நாள் என் சைக்கிளில்தான் அது வந்தது. அவன் வீட்டு வாசலில் இறக்கி வைப்பேன். அவன் அம்மா உள்ளே பெட்டி ஒட்டிக்கொண்டிருப்பார். பசைக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, 'சாப்பிட்டுப் போப்பா' என்பார்.

இப்போது எங்கள் குழுவுக்கு வாருங்கள். அங்கே எங்களைப் பற்றி என்ன இருக்கிறது?

தோனியைப் பற்றி இருக்கிறது. 2023 இறுதிப்போட்டியில் கடைசி இரண்டு பந்தில் ஜடேஜா அடித்த சிக்ஸும் ஃபோரும் இருக்கிறது. 2016, 2017 தடைக்காலத்தைச் சொல்லி வம்பிழுப்பது இருக்கிறது. 2014 பொங்கலுக்கு 'வீரம்', 'ஜில்லா' ஒரே நாளில் வந்தபோது எந்தத் தியேட்டரில் கூட்டம் அதிகம் என்ற சண்டை 2023-ல் 'துணிவு', 'வாரிசு' வந்தபோது அப்படியே மறுஒளிபரப்பு ஆனது. வாதங்கள் கூட மாறவில்லை. ராஜாவா ரஹ்மானா என்பது சாகாவரம் பெற்றது. இந்தச் சண்டைகளில் எங்களை எடுத்துவிட்டு வேறு எட்டுப் பேரை வைத்தாலும் ஒரு வரிகூட மாறாது. எதிரில் இருப்பவன் யார் என்று தெரிய வேண்டிய அவசியமே இல்லை. அவன் எந்தக் கட்சி என்று தெரிந்தால் போதும்.

இதற்குப் பெயர் கலாய்ப்பு இல்லை. வேறொருவரின் சரக்குக்கு நாம் சம்பளமில்லாமல் விளம்பரம் செய்வது. 2008-ல் இந்தியா சிமெண்ட்ஸ் 9.1 கோடி டாலர் கொடுத்து ஏலத்தில் வாங்கியது சென்னை அணியை. விற்றவரும் வாங்கியவரும் அதை வியாபாரம் என்று தெளிவாகத் தெரிந்துதான் செய்தார்கள். நாம்தான் அதை ரத்தபாசம் என்று எடுத்துக்கொண்டோம். நான் சிஎஸ்கே ரசிகன்தான், மஞ்சள் பனியன் அலமாரியில் இருக்கிறது, அதை எரிக்கப் போவதில்லை. ஆனால் ஒரு கணக்கு சொல்கிறேன். 2022-ல் எங்கள் ஊர் மாரீஸ்வரன் சக்திவேல், ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பைக்கான இந்திய ஹாக்கி அணியில் ஆடினார். அரியலூர் கார்த்தி செல்வமும் அதே அணியில். இந்தியா வெண்கலம் வாங்கியது. ஹாக்கி ஆடி வளர்ந்த எட்டுப் பேர் இருக்கும் எங்கள் குழுவில் அதைப் பற்றி வந்தது ஒரே ஒரு செய்தி. போட்டது கோலி. அதற்குக் கீழே விழுந்தது இரண்டு கட்டைவிரல். அதற்குள் ஐபிஎல் இறுதிப்போட்டி மீம்கள் வந்து அதை மேலே தள்ளிவிட்டன.

ஊர் நினைவும் இதே கதிதான். 'எங்க ஊரு மாதிரி வருமா' என்று ஆரம்பித்தால் எல்லோரும் அதே நாலு சாமானை எடுத்து வைக்கிறோம். கடலைமிட்டாய், தியேட்டர், பஸ் ஸ்டாண்டு, ஒரு வாத்தியாரின் அடி. கடலைமிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தபோது குழுவில் நடந்த கொண்டாட்டத்தைப் பார்த்திருக்க வேண்டும், நாங்களே வெல்லம் காய்ச்சினது போல. ஆனால் ஊரில் இப்போது என்ன நடக்கிறது என்று கேட்டால் எங்களில் ஏழு பேருக்குத் தெரியாது. நாங்கள் பெங்களூரு, சென்னை, துபாய், டல்லாஸ். ஊரில் இருப்பவன் கோலி ஒருத்தன்தான். ஊரைப் பற்றி அதிகம் பேசியவர்கள் நாங்கள், குறைவாகப் பேசியவன் அவன். அதில் இருக்கும் கோணல் இத்தனை வருடத்தில் ஒருத்தனுக்கும் உறைக்கவில்லை.

கோலி சின்ன அளவில் ஒரு தீப்பெட்டி ஆபீஸ் நடத்தினான். எங்கள் பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். 2021 டிசம்பர் 1-ஆம் தேதி, 14 வருடத்துக்குப் பிறகு, தீப்பெட்டி விலை ஒரு ரூபாயிலிருந்து இரண்டு ரூபாய் ஆனது. குழுவில் எங்களுக்குக் கொண்டாட்டம். 'டபுள் ஆயிருச்சுல்ல, கோலி இனி ஆடி கார்தான்.' மெழுகு, அட்டை, குளோரேட் எல்லாம் தாறுமாறாக ஏறியதால் வேறு வழியில்லாமல் ஏற்றிய விலை அது. செய்தித்தாளில் அதுவும் சேர்ந்தேதான் வந்திருந்தது. நாங்கள் தலைப்போடு நிறுத்திக்கொண்டோம். 2023 ஜூனில், 20 ரூபாய்க்குக் குறைவான சிகரெட் லைட்டர்களின் இறக்குமதிக்கு மத்திய அரசு தடை போட்டது. அதற்கு முன்னால் எத்தனை வருடம் இந்தத் தொழிற்காரர்கள் அதற்காக மனு கொடுத்து அலைந்தார்கள் என்பது எங்களுக்குத் தெரியாது. எங்களில் ஒருத்தன் லைட்டர் படத்தைப் போட்டு, 'கோலியின் ஜென்ம விரோதி' என்று எழுதினான். நல்ல ஜோக் என்று நானும் சிரித்தேன்.

2025 ஆகஸ்டில் போனில் அம்மா வேறு எதையோ பேசிக்கொண்டிருக்கும்போது சொன்னார். 'ஒன் ஃப்ரெண்டு ஆபீஸை மூடிட்டானாம்ல, பொங்கலோட. மெஷினையும் வித்துட்டான்னு சொன்னாங்க. ஒனக்குத் தெரியும்னு நெனச்சேன்.'

பொங்கலோடு என்றால் ஏழு மாதம். அந்த ஏழு மாதத்தில் ஒரு நாள் தவறாமல் அவனை நாங்கள் கலாய்த்திருக்கிறோம். நான் மென்பொருள்காரன், சந்தேகம் வந்தால் லாக்கைத் தோண்டுவேன். குழு உரையாடல் முழுவதையும் எக்ஸ்போர்ட் செய்து, சின்னதாக ஒரு பைத்தான் ஸ்கிரிப்ட் எழுதித் தேடினேன். கோலி என்ற சொல் வந்த செய்திகளுக்குக் கணக்கே இல்லை. அவனிடம் 'எப்படி இருக்க', 'தொழில் எப்படிப் போகுது', 'அம்மா எப்படி இருக்காங்க' என்று ஏதாவது கேட்ட செய்தி அந்த ஏழு மாதத்தில் ஒன்றுகூட இல்லை.

ஆனால் தேடியபோது வேறொன்று கிடைத்தது. ஜூன் 4. கோப்பை வாங்கிய மறுநாள். சின்னசாமி மைதானத்துக்கு வெளியே நெரிசலில் 11 பேர் செத்துப்போனார்கள். அன்று மாலை குழுவில் ஒரு செய்தி. 'ஏலே, நீ அங்கிட்டுப் போகலைல? வீட்லதான இருக்க?' என்னைக் கேட்டிருந்தது கோலி. முந்தின இரவு அவன்மீது அத்தனை மீம் கொட்டியதற்குப் பதிலே போடாதவன். நான் 'இல்லடா, சேஃப்' என்று போட்டு ஒரு கும்பிடு ஸ்டிக்கரும் ஒட்டியிருக்கிறேன். 'நீ எப்படி இருக்க?' என்று திருப்பிக் கேட்கவில்லை. அடுத்த செய்தி, தோனி அடுத்த வருடம் ஆடுவாரா என்பது.

இங்கே ஒரு எதிர்வாதம் வரும். ஆம்பளைப் பசங்களுக்கு அன்பைக் காட்ட வேறு பாஷை தெரியாது, கலாய்ப்பதுதான் எங்கள் அன்பு, அதையும் பிடுங்காதே என்று. இதை நானே பல மேடையில் பேசியிருக்கிறேன். அதில் பாதி உண்மை. கண்ணை மூடும் பழக்கத்தைச் சொல்லி அவனை ஓட்டியது அன்புதான். ஆனால் அது அன்பானதற்குக் காரணம் எங்கள் ஜோக் இல்லை, ஜோக்குக்குப் பிறகு சைக்கிளில் ஏறிய அந்த பேடு. ஜோக்கை வைத்துக்கொண்டு பேடைக் கீழே போட்டுவிட்டு, இதுதான் எங்கள் பாஷை என்று சொன்னால் அது புளுகு. அந்தப் புளுகு எங்களுக்கு வசதியாக இருந்தது. தினமும் பேசுகிறோம், தொடர்பில் இருக்கிறோம் என்ற திருப்தி கிடைத்தது, எதையும் தூக்க வேண்டியிருக்கவில்லை.

இன்னொரு வாதமும் வரும். அவனே சொல்லியிருக்கலாமே? எங்கே சொல்வான்? ஒருத்தன் தோனியின் வயதைப் பற்றியும் இன்னொருத்தன் லோகேஷ் கனகராஜின் அடுத்த படத்தைப் பற்றியும் அடித்துக்கொள்ளும் இடத்தில், நடுவில் வந்து 'மாப்ள, ஆபீஸை மூடிட்டேன்' என்று எப்படி டைப் பண்ணுவான்? பண்ணியிருந்தால் அதற்கும் நாங்கள் நேசமணி மீம் போட்டிருக்க மாட்டோம் என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. ஜோக்கைத் தவிர வேறெதற்கும் இடமில்லாத திண்ணையைக் கட்டிவிட்டு, அதில் அவன் அழவில்லை என்று குறை சொல்வது அயோக்கியத்தனம்.

நீங்களும் இப்படி ஒரு குழுவில் இருப்பீர்கள். இன்று ராத்திரி அதைத் திறந்து பாருங்கள். அதில் அதிகம் கலாய்க்கப்படுபவன் யார்? அவனைப் பற்றி உங்களுக்குக் கடைசியாகத் தெரிந்த புதுச் செய்தி என்ன? பழைய பட்டப்பெயரும் அவனுடைய ஐபிஎல் அணியும் தவிர வேறொன்றும் நினைவுக்கு வரவில்லை என்றால், நீங்கள் கலாய்த்துக்கொண்டிருப்பது அவனை இல்லை, அவன் பெயரில் இருக்கும் ஒரு பொம்மையை. குழுவை விட்டு வெளியேறச் சொல்லவில்லை. மீம் போடாதே என்றும் சொல்லவில்லை. அதிகம் கலாய்த்தவன் பேடைத் தூக்க வேண்டும் என்ற பழைய சட்டத்தைத் திரும்பக் கொண்டுவாருங்கள் என்றுதான் கேட்கிறேன்.

அம்மா சொன்ன அந்த வாரமே வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ் ஏறினேன். போன் பண்ணிச் சொல்ல வெட்கமாக இருந்ததால் நேராக வீட்டுக்குப் போய் நின்றேன். ஆபீஸைப் பற்றிப் பேச அவனுக்கு ஒரு மணி நேரம் ஆனது. கடன் எவ்வளவு, மெஷின் எவ்வளவுக்குப் போனது, பக்கத்து ஆபீஸில் சூப்பர்வைசராகச் சேரலாமா என்று யோசிப்பது எல்லாம் சொன்னான். நான் எப்போது மன்னிப்புக் கேட்பது என்று தெரியாமல் கடைசியில் ஆர்சிபி கலாய்ப்பை இழுத்தேன், அதெல்லாம் மனசில் வைத்துக்கொள்ளாதே என்று.

'அத நான் படிச்சாத்தானலே' என்றான். 'இவ்வளவு சொல்றீயளே, அந்த டீமுக்கு இப்ப யாரு கேப்டன்? அதுவே எனக்குத் தெரியாது.'

'ரஜத் பட்டிதார்' என்றேன்.

'கோலி இல்லியா?' என்று கேட்டுவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தான்.