பிறவிக் குணமா? இருக்கும் இடமா?

"விதை எப்படியோ மரமும் அப்படியே, அவனவன் குணம் அவனவன் இரத்தத்தில் ஊறியது" என்று ஜாதிக்கு வக்காலத்து வாங்குகிறவர்கள் இப்பொழுது ஒரு புதுத் தந்திரம் கண்டுபிடித்திருக்கிறார்கள். மனுவைச் சொன்னால் ஜனங்கள் சிரிக்கிறார்கள் என்பதால், விஞ்ஞானமே பிறவிக் குணத்தை ருஜுப்படுத்திவிட்டதாக அளக்கிறார்கள். காந்திகிராமம், சின்னாளப்பட்டித் தறி வீடுகள் வரையில் இந்தப் பேச்சு எட்டியிருக்கிறது.

சரி, விஞ்ஞானத்தையே கேட்போம். நம் சரீரத்தில் ஸ்டெம் செல் என்னும் மூல அணுக்கள் உண்டு. தோல் உதிர்ந்தால் புதுத் தோலும், இரத்தம் அழிந்தால் புது இரத்தமும் உண்டாக்குபவை இவையே. இவை யாரையும் கேளாமல் தம்மிஷ்டப்படி நடக்கிறவையா? 1978இல் இங்கிலாந்தில் ரேமண்ட் ஸ்கோஃபீல்ட் என்பவர், எலும்பு மஜ்ஜையில் இவை குடியிருக்கும் இடந்தான் இவற்றை மூல அணுக்களாக வைத்திருக்கிறது என்றார். பிறகு பழ ஈயில் அது பிரத்தியட்சமாகவே காணப்பட்டது. ஆண் ஈயின் விதைப்பையில் ஒரு மூல அணு இரண்டாகப் பிரிந்தால், அண்டை அணுக்களை ஒட்டி நிற்பது மூல அணுவாகவே இருக்கிறது. விலகிப் போனது விந்தணுவாக மாறப் புறப்பட்டுவிடுகிறது. இரண்டுக்கும் தாய் ஒன்றே!

எலிச் சங்கதி இன்னும் வேடிக்கை. 2005இல் அமெரிக்காவில் ஒரு கிழ எலியையும் இள எலியையும் இரத்த ஓட்டம் ஒன்றாகும்படி சேர்த்துத் தைத்தார்கள். அதுவரை மந்தமாய்க் கிடந்த கிழ எலியின் தசை மூல அணுக்கள் எழுந்து காயத்தை ஆற்றின. வேலை செய்தவை இள எலியிடம் இரவல் வாங்கியவை அல்ல, கிழத்தின் சொந்த அணுக்களே.

"அப்படியானால் விதைக்கு மதிப்பே இல்லையா?" என்பார்கள். உண்டு. ஈரல் அணுவைக் கண்ணில் வைத்தால் அது கண்ணாகிவிடாது. அணுவைப் பார்த்து மனிதனுக்குச் சட்டம் எழுதுவதும் நம் வேலையல்ல; அது பிரம்மாவின் முகத்தையும் காலையும் பார்த்து எழுதினவர்கள் வேலை. விஞ்ஞானத்தைச் சாட்சிக்கு இழுத்தவர்கள் அவர்கள். சாட்சி சொன்னதை மட்டும் காட்டினோம்.

இனி நம் வீட்டு விஷயம். வெற்றிலைச் சுண்ணாம்பு குழந்தைகள் கண்ணில் தெறித்துவிடுகிறது. கருவிழியும் வெள்ளை விழியும் சேரும் ஓரத்தில்தான் கருவிழி மேற்படலத்தின் மூல அணுக்கள் குடியிருக்கின்றன. அந்தக் குடியிருப்பு வெந்துபோனால் வெள்ளை விழியின் சவ்வு இரத்த நாளங்களோடு கருவிழிமேல் படர்ந்து பார்வையை மறைக்கிறது. பிறர் தானம் செய்த கருவிழியை வைத்துத் தைத்தாலும் மட்டும் நிற்பதில்லை. மேற்படலத்தைப் புதுப்பிக்க அங்கே ஆளில்லையே! ஆகவே, தாய்ப்பாலும் விளக்கெண்ணெயும் ஊற்றிவிட்டு மாரியம்மனுக்குக் கண்மலர் நேர்ந்துகொள்ளும் நேரத்தில், நல்ல தண்ணீரால் அரைமணி விடாமல் கழுவிக் கண் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள், தோழர்களே.

அப்படியும் ஒரு கண் கெட்டவருக்கு ஹைதராபாத் எல்.வி. பிரசாத் கண் நிலையத்தில் விரேந்தர் சங்வான் முதலிய மருத்துவர்கள் ஒரு வழி கண்டு 2012இல் வெளியிட்டார்கள். நல்ல கண்ணின் ஓரத்தில் 2 மில்லிமீட்டர் சதுரம் எடுத்து, பொடியாக நறுக்கி, கெட்ட கண்ணில் ஒரு சவ்வை விரித்து அதன்மேல் ஒட்டுகிறார்கள். அணுக்கள் அந்தப் படுக்கையில் பரவிக் கருவிழியை மூடுகின்றன.

அந்தச் சவ்வு எது தெரியுமா? பிள்ளை பெற்ற தாயின் நஞ்சுக்கொடியோடு வரும் பனிக்குடச் சவ்வு! எதைத் தீட்டென்று மண்ணில் புதைத்து, பெற்றவளையும் மூலையில் உட்கார வைத்து, புண்ணியாகவாசனம் என்று காசு பிடுங்குகிறார்களோ, அதுவேதான். அந்தத் தீட்டைக் கண்ணின்மேலேயே ஒட்டிக்கொண்டு பார்வை பெற்ற ஒருவர் கோயில் வாசலில் வந்து நின்றால், அவர் சுவாமியைப் பார்க்கலாமா, கூடாதா? ஆகமத்தைப் புரட்டிப் பார்த்துச் சாஸ்திரிகள் பதில் சொல்லட்டும்.