ஒன்றரை மணிக்குப் பின் எம் சிறார் எவர் பொறுப்பு?

பாடசாலை மணி பிற்பகல் ஒன்றரைக்கு அடிக்கிறது. கீழ்வகுப்புப் பாலகர் அதற்கு முன்னரே வீட்டுக்கு அனுப்பப்படுகின்றனர். வேலைக்குச் சென்ற தாய் வீடு திரும்புவதோ மாலை ஐந்து மணிக்கு. தொழிற்சாலைப் பேருந்தை நம்பியிருப்பவளாயின் ஆறு மணிக்கு. இடைப்பட்ட நான்கு மணி நேரத்துக்கு இந்நாட்டில் எவரும் பொறுப்பாளி அல்லர். கல்விப் பகுதியினரைக் கேட்டால் பாடசாலை முடிந்துவிட்டது என்பர். பிரதேச சபையாரைக் கேட்டால் பிள்ளைகள் விவகாரம் கல்விப் பகுதியினரது என்பர். இவ்விரு பதில்களுக்குமிடையே ஏழு வயதுப் பிள்ளையொன்று பூட்டிய வீட்டின் திண்ணையில் புத்தகப் பையுடன் குந்தியிருக்கிறது.

மாதர் பகுதிக்கு உரிய விடயத்தை ஆசிரியத் தலையங்கத்தில் எழுதுவானேன் என்று நண்பர்கள் சிலர் கேட்கக்கூடும். காணிப் பிரச்சினை இருக்கிறது, காணாமல் ஆக்கப்பட்டோர் பிரச்சினை இருக்கிறது, அரசியற் தீர்வு இன்னும் எட்டாக்கனியாய் இருக்கிறது என்பர். உண்மையே, அவற்றுள் ஒன்றையேனும் நாம் மறந்தோமில்லை. ஆயினும் சுயாட்சி கோரும் ஓர் இனம், தன் கைக்கு ஏற்கெனவே வந்திருக்கும் சிறு அதிகாரத்தைக்கொண்டு தன் பாலகருக்கு என்ன செய்தது என்ற கேள்விக்கும் விடையிறுக்கக் கடமைப்பட்டுள்ளது. 2025 மே 6 ஆம் திகதி நடைபெற்ற உள்ளூராட்சித் தேர்தலில் வடக்கிலும் கிழக்கிலும் பல சபைகளைத் தமிழ்க் கட்சிகளே கைப்பற்றின. ஆகவே இக்கேள்வி கொழும்பை நோக்கியதன்று. எம்மவரை நோக்கியது.

வீட்டில் அம்மம்மா இல்லையா, அப்பப்பா இல்லையா என்று கேட்போரும் உளர். முன்பு இருந்தார்கள். ஒரே வளவுக்குள் நான்கு குடும்பங்கள் வாழ்ந்த காலத்தில், பள்ளி விட்டு வந்த பிள்ளைக்குச் சோறு போடப் பெரியம்மா ஒருத்தி இருந்தாள். விளையாடக் கூட்டமும் இருந்தது. அந்த வளவுகளை யுத்தம் கலைத்துவிட்டது. 1990 இலும் 1995 இலும் 2009 இலும் இடம்பெயர்ந்து, முகாம்களிற் கிடந்து, பின்னர் வீட்டுத்திட்டக் காணிகளில் தனித்தனியே குடியேற்றப்பட்ட குடும்பங்களில் பாட்டி ஓரூரில், பேரன் இன்னோரூரில். கணவனை இழந்து தனித்துக் குடும்பத்தைச் சுமக்கும் பெண்கள் வன்னியில் எத்தனையோ ஆயிரவர். அவர்களில் ஒரு பகுதியினர் யுத்தத்தின் பின் கிளிநொச்சியில் எழுந்த ஆடைத் தொழிற்சாலைகளுக்குச் செல்கின்றனர். மற்றையோர் வயலுக்கும் மேசன் வேலைக்கும் செல்கின்றனர். அவர்களுடைய பிள்ளைகள் பிற்பகலிற் குளத்தங்கரையிலும் கட்டில்லாக் கிணற்றருகிலும் திரிவதை அவர்களே விரும்பித் தேர்ந்தார்கள் என்று எவரேனும் சொல்லத் துணிவாராயின், அவரோடு வாதிட எமக்கு நேரமில்லை.

வசதியுள்ளோர் இதற்கு ஒரு வழி கண்டுகொண்டனர். அதன் பெயர் ரியூசன். யாழ்ப்பாணத்தில் மூன்றாம் வகுப்புப் பிள்ளை காலையில் ஒரு பள்ளிக்கூடம், மாலையில் இன்னொரு பள்ளிக்கூடம் என இரண்டு பள்ளிக்கூடம் போகிறது. ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சை என்பது ஏழைக் குடும்பத்துக் கெட்டிக்காரப் பிள்ளைக்கு நல்ல பாடசாலையின் கதவைத் திறந்துவிடுதற்கு எழுந்த ஏற்பாடு. 1945 இல் இலவசக் கல்வியைத் தந்த கன்னங்கராவின் காலத்துச் சிந்தனை அது. இன்றோ பணம் கொடுத்து வகுப்புக்குச் செல்லும் பிள்ளையே அதிலும் முந்துகிறது. வாங்கின் நுனியில் நாற்பது பேரோடு நெருக்கியடித்து மாதிரி வினாத்தாள் நிரப்பும் பிள்ளையின் முகத்தைப் பார்த்தவர்கள், அதனைப் பராமரிப்பு என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் ஒன்றை மறத்தல் கூடாது. பல தாய்மார் பிள்ளையை அங்கு அனுப்புவது பரீட்சைக்காக மட்டுமன்று. ஆறு மணி வரை ஒரு கூரையின் கீழ், ஒருவரின் கண் பார்வையில் இருக்கட்டும் என்பதற்காகவுமே. கீழ் வகுப்பினருக்கான மாலை வகுப்புகளைக் கட்டுப்படுத்த அவ்வப்போது எடுக்கப்படும் முயற்சிகள் இதனாலேயே தளர்ந்து போகின்றன. மூடச் சொல்வது எளிது. மூடிய பின் பிள்ளை எங்கே போவது?

மலையகத்தின் கதை இன்னும் கொடியது. பெருந்தோட்டங்களில் பிள்ளைக்காம்பரா என ஒன்று உண்டு. இப்போது சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்று பெயர். கொழுந்து பறிக்கும் தாய் கைக்குழந்தையை அங்கு விட்டு மலையேறுகிறாள். பிள்ளைக்கு ஐந்து வயதானதும் அந்தக் கதவு அடைக்கப்படுகிறது. பாடசாலை முடிந்து வரும் ஆறு வயதுப் பிள்ளை, மாலைக் கொழுந்து நிறுத்து முடியும் வரை லயத்தில் தனியே இருக்க வேண்டும். அல்லது எட்டு வயது அக்காள் அதற்குத் தாயாக வேண்டும். நாலு வயதிற் காவல் வேண்டிய பிள்ளைக்கு ஆறு வயதில் வேண்டாமற் போனது எந்தச் சாத்திரத்தின்படி என்பதைத் தோட்டக் கம்பனிகள் கூறட்டும்.

இனிச் சட்டத்தைப் பார்ப்போம். ஐக்கிய நாடுகளின் சிறுவர் உரிமைச் சாசனத்தை இலங்கை 1991 இல் ஏற்று உறுதிப்படுத்தியது. ஓய்வும் விளையாட்டும் பிள்ளையின் உரிமை என்கிறது அதன் 31 ஆம் உறுப்புரை. தொழில் புரியும் பெற்றோரின் பிள்ளைகளுக்குப் பராமரிப்புச் சேவை கிடைக்க அரசு ஆவன செய்ய வேண்டும் என்கிறது 18 ஆம் உறுப்புரை. 1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 27 (13) ஆம் உறுப்புரையும் சிறுவரின் முழுமையான வளர்ச்சியைப் பேணுவதை அரசின் கொள்கையாக்கியுள்ளது. ஆனால் அக்கொள்கைகளை நீதிமன்றத்தில் வலியுறுத்த இயலாது என 29 ஆம் உறுப்புரை உடனேயே கதவைச் சாத்திவிடுகிறது. வழக்கிட்டுப் பெறக்கூடிய உரிமையன்று இது. சபையில் தீர்மானமாக்கிப் பெற வேண்டியது.

சபைக்கு அதிகாரம் உண்டா? உண்டு. 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 3 ஆம் பிரிவு, வீதியையும் சுகாதாரத்தையும் மட்டுமன்றி, பிரதேச மக்களின் வசதியையும் நலனையும் பேணி வளர்க்கும் பொறுப்பையும் சபையிடமே ஒப்படைத்துள்ளது. பிள்ளைகள் மக்களில் அடங்கார் என்று எந்தத் தவிசாளரும் வாதிட முடியாது. தோட்டங்களுக்குள் பிரதேச சபை பணம் செலவிடத் தடையாயிருந்த ஏற்பாடும் 2018 இல் திருத்தப்பட்டுவிட்டது. ஆகவே நுவரெலியா மாவட்டத்துச் சபைகளும் பழைய சாக்கைச் சொல்ல வழியில்லை. வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்த பின்னர் ஆண்டுக்கணக்கில் ஆளுநர் ஆட்சியே நடந்தது. மாகாண சபை வரட்டும், பிறகு பார்க்கலாம் என்று காத்திருந்தால், இன்றைய பாலகர் அதற்குள் வாக்காளர் ஆகிவிடுவர்.

கடல் கடந்து சென்ற எம் உறவினரை ஒருமுறை விசாரித்துப் பாருங்கள். நோர்வேயில் முதல் நான்கு வகுப்புப் பிள்ளைகளுக்கும் பாடசாலை நேரத்துக்கு முன்னும் பின்னும் பராமரிப்பு வசதி அளிப்பது 1999 முதல் உள்ளூராட்சி மன்றங்களின் சட்டக் கடமை. ஜேர்மனி 2021 இல் சட்டமியற்றி, 2026 ஓகஸ்ட் தொடக்கம் முதலாம் வகுப்பில் ஆரம்பித்து ஆண்டுக்கொரு வகுப்பாக அவ்வுரிமையை விரிக்க ஏற்பாடு செய்தது. ஒஸ்லோவில் வளரும் எம் பேரப்பிள்ளைக்குக் கிடைப்பது உருத்திரபுரத்திலுள்ள அதன் மச்சாளுக்குக் கிடைக்கவில்லை. அவை செல்வ நாடுகள் அல்லவா என்பீர்கள். ஆம். ஆனால் எம்மிடம் உள்ளதை முதலில் எண்ணிப் பார்க்க வேண்டாமா?

எம் முன்னோர் அரிசியும் தேங்காயும் சேர்த்துக் கட்டிய வாசிகசாலைகளும் சனசமூக நிலையங்களும் ஊர்தோறும் இருக்கின்றன. காலையில் இரண்டு கிழவர் பத்திரிகை வாசிக்கின்றனர். பிறகு நாள் முழுதும் பூட்டு. முன்பள்ளிக் கட்டடங்கள் நண்பகலோடு ஓய்ந்துவிடுகின்றன. பாடசாலை மைதானத்தின் வாயிலிலோ ஆமைப்பூட்டு! முன்பள்ளி ஆசிரியைகளும் மதியத்தோடு வீடு செல்கின்றனர். அவர்கள் பெறும் கொடுப்பனவைச் சொல்ல எமக்கே நாணமாயிருக்கிறது. பயிற்சி பெற்ற அப்பெண்களையே பிற்பகலுக்கும் அமர்த்தி, அதற்குரிய வேதனத்தைச் சபை வழங்கினால் கட்டடமும் கிடைத்தது, ஆளும் கிடைத்தது. வேண்டுவன பாயும் பந்தும், ஒரு குடம் கொதித்தாறிய நீரும், அவித்த கடலையோ கஞ்சியோ நாளுக்கொரு வேளையும்.

இதை நாம் செய்யாதுவிட்டால் வேறெவரும் செய்யார் என்று நினைத்தல் வேண்டாம். வன்னியில் நடந்தது நினைவிருக்கட்டும். யுத்தத்தின் பின் முன்பள்ளி ஆசிரியைகளுக்கு உரிய சம்பளம் கொடுக்க எவரும் இன்றிப் போகவே, சிவில் பாதுகாப்புத் திணைக்களம் சம்பளத்துடன் வந்து நுழைந்தது. எம் தலைவர்கள் கண்டித்து அறிக்கை விட்டனர், நாமும் கண்டித்தோம். ஆனால் அடுப்பெரிய வழியில்லாத ஓர் ஆசிரியையிடம் அறிக்கையை நீட்டி என்ன பயன்?

தொடங்கும் நிலையங்களுக்கு ஒரு நிபந்தனை மட்டும் வேண்டும்: அங்கே வினாத்தாள் நுழையக் கூடாது. கிளித்தட்டு மறியட்டும், கொக்கான் வெட்டட்டும், கதைப்புத்தகம் படிக்கட்டும், களைத்தால் உறங்கட்டும். கட்சிக் கொடியும் வேண்டாம்; எமது கட்சிக் கொடியும் வேண்டாம். கிழக்கிலே முஸ்லிம் சிறார் பிற்பகலில் ஓதப் போகும் நேரத்தை அங்குள்ள சபைகள் கவனித்து நேரம் வகுக்கட்டும். பொறுப்பேற்பவர் எவர், பிள்ளையை யாரிடம் ஒப்படைப்பது, வரவுப் பதிவேடு எங்கே என்பனவெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். சிறுவருக்கு எதிரான கொடுமைகள் மலிந்த காலத்தில் நல்லெண்ணம் மட்டும் காவலாகாது.

சபைகளின் அடுத்த வரவு செலவுத் திட்டத்தில் இதற்கெனத் தனித் தலைப்பொன்று இட வேண்டும். பெருந்தொகை கேட்கவில்லை, வட்டாரத்துக்கு ஒரு நிலையம், ஓராண்டுப் பரீட்சார்த்தம், அவ்வளவே. தீர்மான வரைவை எழுதித்தர வேண்டுமென்று கேட்கும் உறுப்பினருக்கு அதனை இலவசமாக எழுதித்தர நாம் ஆயத்தம். எந்தச் சபை முதலில் நிறைவேற்றுகிறதோ அதன் பெயரை இப்பத்திரிகையின் முதற்பக்கத்தில் வெளியிடுவோம். வாக்கெடுப்பில் எதிர்த்துக் கையுயர்த்தியோரின் பெயர்களையும் அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் வெளியிடுவோம்.