சாம்பார் என்று எழுதிய பையன்

சென்னையில் இருக்கும் தோழி ஒருவர் மகளைப் பள்ளியிலிருந்து நிறுத்தி வீட்டிலேயே சொல்லிக் கொடுக்கிறார். பேனாவைத் தொட்டாலே அழுகிற பிள்ளை. மொட்டை மாடியில் தக்காளியும் கீரையும் போட்டு, என்றைக்கு முளைத்தது, எத்தனை இலை விட்டது, பறித்து எப்படிக் கூட்டு வைத்தோம் என்று எழுத விட்டாராம். மூன்று நோட்டு நிறைந்துவிட்டது. பொய்யில்லை, நானே பார்த்தேன்.

அதையே எங்கள் மாலைநேரப் படிப்பகத்தில் முயன்றேன். திருவாரூர் பக்கம், ஊருக்கு வெளியே தள்ளப்பட்ட தெரு. வருகிற பிள்ளைகளின் அம்மாக்கள் நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவர்கள். வயலைப் பற்றி இவர்களைவிட யார் எழுதிவிட முடியும் என்ற நினைப்பு எனக்கு. ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி பேனாவை மூடி வைத்துவிட்டாள். "அந்த வேலைக்குப் போகக் கூடாதுன்னுதானக்கா எங்கம்மா என்னைப் படிக்க அனுப்புது."

சுருக்கென்றது. 1953இல் ராஜாஜி பள்ளி நேரத்தை மூன்று மணி நேரமாகக் குறைத்து, மிச்ச நேரத்தில் அப்பன் தொழிலைக் கற்கச் சொன்னார். குலக்கல்வி என்று பெரியார் அதை எதிர்த்தார். 1954இல் ராஜாஜி பதவி விலக, காமராசர் ஆட்சி அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. இதையெல்லாம் மேடையில் பேசுகிற நான், என்ன செய்து கொண்டிருந்தேன்? தோழியின் மகள் செடி அலுத்துப்போனால் ஓவியத்துக்கு மாறிக்கொள்ளலாம். இந்தப் பெண்ணுக்கு வயல் பொழுதுபோக்கு அல்ல, சாதி அவள் தலையில் கட்டிய வேலை.

சரி, சாப்பாட்டைப் பற்றி எழுதுங்கள் என்றேன். ஐந்தாம் வகுப்புப் பையன், எழுதவே மாட்டான் என்று பள்ளியில் பெயர் வாங்கியவன், ஒரே ஒரு வரி எழுதினான். நேற்று சாம்பார் சோறு சாப்பிட்டானாம். நேற்று ஞாயிற்றுக்கிழமை. அவன் வீட்டு மாட்டுக்கறிக் குழம்பு தெருவுக்கே மணந்தது.

பள்ளி நோட்டு எதை ஏற்கும், எதை ஏற்காது என்று பத்து வயதில் அவனுக்குத் தெரிந்திருக்கிறது. எழுத வராத பிள்ளை என்கிறோம். இவ்வளவு மறைக்க வேண்டியிருக்கிறவன் எதை எழுதுவான்?

என் ஆயா உப்புக்கண்டம் போடுவதைச் சொன்னேன். கறியை நீளநீளமாக அறுத்து, உப்பும் மஞ்சளும் தடவி, கயிற்றில் கோத்து வெயிலில் தொங்கவிடுவார். காக்கா விரட்டுவது என் வேலை. பையன் குறுக்கே விழுந்தான், "எங்க வீட்ல அப்படிப் போட மாட்டாங்கக்கா." எப்படி என்று கேட்டேன். அவன் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். என் எழுத்து மெதுவாக இருக்கிறதென்று நோட்டைப் பிடுங்கிக்கொண்டான். ஒன்றரைப் பக்கம். றகரமும் ரகரமும் இடம் மாறிக் கிடந்தன, நான் கை வைக்கவில்லை.

மராத்தியில் ஷாகு படோலே தலித் சமையலைத் தனிப் புத்தகமாகவே எழுதியிருக்கிறார். உழவர், குயவர், தோல் தொழிலாளர் கைகளில் இருக்கும் அறிவைப் பிள்ளைகளுக்காக எழுதினார் காஞ்சா அய்லய்யா. நம் படிப்பகங்களில் இவையெல்லாம் இருக்க வேண்டாமா? நாமோ இன்னும் 'நான் கண்ட பொருட்காட்சி' கட்டுரையைத்தான் பார்த்து எழுத வைத்துக்கொண்டிருக்கிறோம்.

பேனாவை மூடிய அந்தப் பெண்ணும் பத்து நாள் கழித்து எழுதினாள். நாற்றைப் பற்றியல்ல. ஒரே வயல், ஒரே வெயில், ஆம்பளைக்கு ஒரு கூலி, எங்கம்மாவுக்கு ஒரு கூலி, ஏன் என்று. கூலி கேட்ட வயல்கள் இவை. 1968 டிசம்பர் 25 அன்று 44 பேரை எரித்துக் கொன்ற கீழ்வெண்மணி இங்கிருந்து தூரமில்லை. விவசாயத்தை வைத்து எழுதக் கற்பிக்கிறோம் என்பவர்கள், இயற்கை உரத்தோடு நிறுத்திக்கொள்ளாமல் கூலிக்கும் ஒரு பக்கம் ஒதுக்க வேண்டும்.

போன வாரம் பையன் கேட்டான், "இதை ஸ்கூல் நோட்டுலயும் எழுதட்டுமாக்கா?" எழுதுடா என்று சொல்லிவிட்டேன். அங்கே எழுந்து நின்று பதில் சொல்லப் போவது அவன்தான், நானல்ல என்பது வீடு வந்து சேர்ந்த பிறகுதான் உறைத்தது. திங்கட்கிழமை அவனோடு பள்ளிக்குப் போகிறேன்.