கவிழ்த்து வைத்த நாற்காலிகள்



"அண்ணை, பள்ளிக்கூடத்தில என்னைக் கவர்னராத் தெரிஞ்சிருக்கினம். சிறப்புத் தேவையுள்ள பிள்ளையளின்ர பொறுப்பையும் தந்திட்டினம். நான் என்ன செய்யிறது?" லண்டன் ஹரோவிலிருந்து ஒரு வாசகி போன கிழமை தொலைபேசியில் கேட்டார். கவர்னர் என்றால் பள்ளி நிர்வாகக் குழு உறுப்பினர்; நானும் நாலு வருடம் அந்தப் பொறுப்பில் இருந்தவன்.

முதலில் சொன்னது, பிள்ளைகளின் பெயரைக் கேட்கவேண்டாம் என்று. எத்தனை பேர், என்ன உதவி, பலன் உண்டா என்பது போதும். ஆசிரியருக்குப் புள்ளி போடுவதும் நமது வேலை அல்ல.

என் முதல் வருடக் கூத்தையும் சொன்னேன். சென்கோ, அதாவது சிறப்புத் தேவைகளை ஒருங்கிணைக்கும் ஆசிரியை, காட்டிய கோப்பு அவ்வளவு நேர்த்தி: நாலு பிள்ளைகள், கிழமையில் மூன்று நாள், காலை 10.30க்கு வாசிப்பு உதவி. நானும் தலையாட்டிவிட்டு வந்தேன். அடுத்த தவணை, தலைமையாசிரியரிடம் சொல்லிவைத்து, அதே நேரத்துக்குப் போனேன். நடைகூடத்து மூலையில் மேசை இருந்தது. அதன்மேல் நாலு குட்டி நாற்காலிகள், கவிழ்த்தபடி. உதவி ஆசிரியை, வராத ஒருவருக்குப் பதிலாக வேறு வகுப்பில் நின்றார். மூன்று கிழமையாக அப்படித்தானாம். யாரும் பொய் சொல்லவில்லை. திட்டத்தை நடந்த கதையாக வாசித்தது நான்தான். அதற்குப் பிறகு நான் கேட்டதெல்லாம், "போன தவணை எத்தனை நாள் நடந்தது?"

காசையும் கேட்கவேண்டும். இங்கிலாந்தில் ஒரு பிள்ளைக்கான மேலதிக உதவியில் வருடம் 6,000 பவுண் வரை பள்ளிக்கூடமே தன் நிதியிலிருந்து பார்ப்பதுதான் ஏற்பாடு. அது எங்கே செலவாகிறது? பள்ளியின் இணையத்தளத்தில் சிறப்புத் தேவை அறிக்கை வருடாவருடம் புதுப்பிக்கப்படவேண்டும். அதில் வேலையை விட்டுப்போன சென்கோவின் பெயர் இன்னும் இருந்தால் மிச்சத்தை ஊகித்துக்கொள்ளலாம்.

நம் வீடுகளுக்கென்று ஒன்று. வீட்டில் தமிழ் பேசுவதை மட்டும் வைத்து ஒரு பிள்ளைக்குக் கற்றல் சிரமம் என்று கொள்ளக்கூடாது என்கிறது பிள்ளைகள், குடும்பங்கள் பற்றிய 2014ஆம் ஆண்டுச் சட்டம். ஆனால் "இங்கிலிஷ் வந்தால் சரியாகிவிடும்" என்று உண்மையான சிரமத்தை வருடக்கணக்கில் தள்ளிப்போடுவதும் நடக்கிறது. இரண்டையும் எப்படிப் பிரித்தறிகிறீர்கள், பெற்றோரிடம் தமிழில் யாராவது பேசினார்களா என்று பள்ளியிடம் கேட்கலாம்.

"உப்பிடிக் கேட்டால் தலைமையாசிரியர் கோவிக்கமாட்டாரோ?" என்றார் வாசகி.

எங்கள் தலைமையாசிரியர் கோபிக்கவில்லை. நேர அட்டவணையில் அந்த 10.30ஐச் சுற்றிச் சிவப்பு மையால் கோடு போட்டு, "உதவி ஆசிரியையை வேறெங்கும் அனுப்பவேண்டாம்" என்று எழுதினார்.

அன்புடன்,
ஆசிரியர்